கடையிலேயே உசத்தியான போன்

ஆஹா அண்ணன் செய்த திருட்டுத்தனத்தை டிரெயினி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

துடைக்கிற சாக்கில் அந்த விலை உயர்ந்த போனைக் கையில் எடுத்தார். மேலிருந்து கீழே விரலால் ஒரு இழுப்பு, பக்கவாட்டில் ஒரு தள்ளு. பளீரென்று இருந்த ஸ்கிரீன் பொசுக்கென்று மங்கிப்போனது. ஒன்றும் தெரியாதவர் போல அதை மேஜை மேல் இன்னொரு போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாங்க வந்திருந்த பெண்ணிடம், "இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரும்மா" என்றார்.

அடப்பாவி, என்று நினைத்தாள் டிரெயினி.

அவள் அந்த மொபைல் ஷோரூமில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அந்த ஒரு வாரமும் இவரைப் பார்த்து வாயைப் பிளந்தபடிதான் நின்றிருக்கிறாள். சீனியர் சேல்ஸ்மேன். இவர் போனைக் காட்டினால் எதிரில் நிற்பவர் "ஆஹா" சொல்லாமல் போவதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷனா இப்படி?

காலையில் இன்னொரு போன் கம்பெனி ஆள் வந்து இவரிடம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அந்தக் கம்பெனி போன்தான் இப்போது பக்கத்தில் ஜம்மென்று மின்னுகிறது. விலை பாதிதான். ஓஹோ, கமிஷன்!

வந்திருந்தது ஒரு பஸ் டிரைவரும் அவர் மகளும். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "என் பொண்ணுக்கு டிசைன் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. கடையிலேயே உசத்தியானது எதுவோ அதைக் காட்டுங்க. வாக்குக் கொடுத்திருக்கேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மகள் அதற்குள் அந்த உசத்தியான போன் முன்னால் சிலையாகிவிட்டாள். ஸ்கிரீனில் ஒரு இலை, இலை மேல் ஒரு துளி தண்ணீர். இலையின் நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. துளிக்குள் ஒரு குட்டி வானமே தெரிந்தது. தொட்டுப் பார்த்தவள், விரல் ஈரமாகிவிட்டதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா... இது போனே இல்லப்பா!"

அவள் சொன்ன விதத்தில் டிரெயினிக்கே புல்லரித்தது.

அதற்கு அப்புறம்தான் ஆஹா அண்ணன் துணியை எடுத்தார்.

"அங்கிள், இது என்ன பாடி?"

"டைட்டானியம்மா. கீழ விழுந்தா தரைக்குத்தான் அடிபடும்."

"அது?"

"அலுமினியம். ஆனா கைக்கு லேசு. ரெண்டையும் கொஞ்ச நேரம் பிடிச்சுப் பாரு. எது கனக்குதுன்னு உன் மணிக்கட்டே சொல்லும்."

மகள் இரண்டையும் கையில் வாங்கினாள். முதுகில் நகத்தால் தட்டினாள், ஓரங்களைத் தடவினாள். "வெளிச்சத்துல பாத்தாதான் தெரியும்" என்று, டெமோ போனைக் கட்டியிருக்கும் கம்பி எட்டுகிற மட்டும் ஜன்னல் பக்கம் நகர்ந்துபோய், குனிந்து ஸ்கிரீனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

அந்தச் சமயம் பார்த்து டிரைவர் டிரெயினியின் பக்கம் நழுவி வந்தார்.

"ஏம்மா, இங்க பக்கத்துல அடகுக்கடை ஏதாவது இருக்கா?"

"எதுக்கு சார்?"

"கல்யாண மோதிரம். விரலை விட்டு வர மாட்டேங்குது. கொஞ்சம் சோப்பு போட்டா வந்துடும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

டிரெயினிக்குப் பகீரென்றது. அவர் விரலைப் பார்த்தாள். மோதிரத்தைத் திருகித் திருகி அந்த இடமே சிவந்துபோயிருந்தது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து மனுஷன் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். தன் கண்ணில் படாதது ஆஹா அண்ணன் கண்ணில் பட்டிருக்கிறது.

கமிஷனாவது, மண்ணாவது!

"அப்பா, இங்க வாங்க" என்று மகள் கூப்பிட்டாள். "எனக்கு இதுதான் வேணும்."

அவள் நீட்டியது பாதி விலை போனை.

"நெஜமாவா? எனக்காகச் சொல்லலையே கண்ணு?"

"ஐயோ, நீங்களே பாருங்கப்பா! இது எப்படிப் பளிச்னு இருக்கு, அது எப்படி அழுது வடியுது! விலை மட்டும்தான் அதுல உசத்தி."

டிரைவர் கண்ணைச் சுருக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். எந்தக் குழந்தையும் சொல்லிவிடும், அவ்வளவு வித்தியாசம். மோதிரத்திலிருந்து கையை எடுத்தார்.

"அட, ஆமா! என் பொண்ணு கண்ணு கண்ணுதான்!" என்று பெருமையோடு மகளைக் கூட்டிக்கொண்டு பில் கவுண்டருக்கு நடந்தார். நடையிலேயே பத்து வயது குறைந்திருந்தது.

டிரெயினி ஆஹா அண்ணனின் காதோரம் போனாள். "அண்ணே, உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்."

"உஷ்! அந்தப் பொண்ணு காதுல விழுந்துடப் போகுது" என்றார் அவர். "எவ்வளவு ஆசையாப் பாத்துச்சு! சின்னப் பொண்ணை ஏமாத்திட்டோமேன்னு எனக்கே மனசு ஒரு மாதிரி இருக்கு."

மகள் திரும்பி வந்தாள். அப்பா கவுண்டரில் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றாள் மெல்ல. "ஆனா அடுத்த தடவை வெளிச்சத்தைக் குறைக்கும்போது ஆட்டோ பிரைட்னஸையும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க. ஜன்னல் கிட்ட போனதும் அது தானா ஏற ஆரம்பிச்சுடுச்சு. அப்பா பாக்கறதுக்கு முன்னாடி அதைத் திரும்ப இறக்கி வைக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு!"