அம்மாவின் போனுக்கு மட்டும்

பெற்ற தாய்க்காக ஒரு மகன் கேட்ட சின்ன உதவி. அதைப் போய்ச் செய்யாமல் இழுத்தடிக்கிறாளே என்று அலுவலகமே அந்தப் பொறியாளரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

கேட்டவர் சாதாரண மகன் இல்லை. நிறுவனத்தின் தலைவர்.

போனில் பேசுவதற்கான செயலி ஒன்றை அந்த நிறுவனம் நடத்திவந்தது. பழைய போன்களில் அது சரியாக ஓடுவதில்லை. போன் சூடாகிறது, பேச்சின் நடுவே அணைந்துபோகிறது என்று புகார்கள் குவிந்தன. காரணத்தைப் பொறியாளர் கண்டுபிடித்தாள். எதிரொலியை அழிக்கும் வேலைதான் பழைய போன்களின் பிராணனை வாங்கியது. அந்த வேலையைப் பாதியாகக் குறைத்துப் புதிய பதிப்பைத் தயார் செய்தாள். போன் சூடாகாது, அணையாது. ஆனால் கொஞ்சம் எதிரொலி வரும்.

தலைவர் கூட்டம் கூட்டி இதை அறிவித்தார். பழைய போன் வைத்திருப்பவர்களும் நம் மனிதர்கள்தான், அவர்களுக்காக நாம் ஒரு சின்னச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். ஒருவர் கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டார். அவர் சம்பள உயர்வுக்கு மனுப் போட்டிருந்தவர்.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் பொறியாளரைத் தனியே அழைத்தார். தன் அம்மாவின் போனுக்கு மட்டும் புதிய பதிப்பு வேண்டாம், இப்போது இருப்பதே இருக்கட்டும் என்றார்.

"அம்மா போன்ல எதிரொலி வரக் கூடாதும்மா. பாத்துக்கோ."

சரி சார் என்று வந்தவள், அந்த ஒரு போனை மட்டும் விலக்கிவைக்கும் வேலையைத் தொடவே இல்லை. விஷயம் எப்படியோ அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சோதனைப் பிரிவில் ஒருத்தி இருந்தாள். எப்போதும் யாருக்காவது பரிந்து வாதாடுவதால் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். அவள் நேராக வந்து கேட்டாள்.

"உனக்கு என்ன, நெஞ்சுல ஈரமே இல்லையா? அம்மா காதுல எதிரொலி விழக் கூடாதுன்னு ஒரு மனுஷன் நினைக்கறாரு. உங்க அம்மாவா இருந்தா இப்படி இழுத்தடிப்பியா?"

பொறியாளர் மேசையில் இரண்டு போன்களை எதிரெதிரே வைத்தாள். ஒன்று மகன், ஒன்று அம்மா. மகன் பேசுவது அம்மாவின் போனில் சத்தமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தை அம்மாவின் போனே மறுபடி பிடித்து மகனுக்கு அனுப்பிவிடும். அதுதான் எதிரொலி. அம்மாவுக்கு அது கேட்கவே கேட்காது. மகனுக்குத்தான் தன் குரல் திரும்பக் கேட்கும். அதை அழிக்கிற பாடு மட்டும் அம்மாவின் போனுக்கு.

வக்கீலம்மா கொஞ்ச நேரம் இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்சியை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

"அப்படின்னா சாருக்கு அது மறந்துபோயிருக்கும். தலைவர் ஆனப்புறம் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கு? அம்மாவுக்கு நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டிருக்காரு, பாவம். போய் எடுத்துச் சொல்லு, பதறிப்போயிடுவாரு."

நியாயமாகத்தான் பட்டது. வெறுங்கையோடு போக வேண்டாம் என்று, தலைவரின் உதவியாளரிடம் எண்ணை வாங்கி, கடல் தாண்டி இருந்த அந்த அம்மாவைத் தங்கள் செயலியிலேயே அழைத்தாள் பொறியாளர். போன் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் அழைத்தேன் என்றாள்.

தன்னை ஒருவர் கூப்பிட்டு விசாரித்ததில் அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். போனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார். பேசப் பேச ஒவ்வொன்றாக வந்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாராம். மகன் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் போன் கொதிக்குமாம். ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வாராம்.

"அவன் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிடுவான்மா. நான் வாயைத் திறக்கிற நேரம் பாத்து அணைஞ்சிடும். கண் டாக்டர் சொன்னதை எத்தனை தடவை ஆரம்பிச்சேன், இன்னும் முடிக்க முடியல. இதெல்லாம் அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. தெரிஞ்சா சாப்பிட மாட்டான்."

"சொல்லலைம்மா. டாக்டர் என்ன சொன்னார்?"

"வலது கண்ணைச் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணலைன்னா..."

போன் அணைந்துவிட்டது.

சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி, பொறியாளர் அப்போதே தலைவர் அறைக்குப் போனாள். ஈரத்துணியைச் சொன்னாள். பாதியில் நின்ற கண் டாக்டர் பேச்சைச் சொன்னாள். இப்போது இருக்கிற பதிப்பே இருந்தால் அம்மா எதையும் முழுதாகச் சொல்ல முடியாது என்றாள். புதியதைப் போட்டால் போதும் சார், போன் சுடாது, அணையாது.

தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மனிதர் கலங்கிவிட்டார் என்று அவளுக்கே கஷ்டமாகப் போய்விட்டது. விஷயம் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள், பரவாயில்லை சார் என்று தேற்றினாள்.

"தெரியாம என்னம்மா?" என்றார் தலைவர். "சுடறதும் தெரியும், அணையறதும் தெரியும். அம்மாதானே, பொறுத்துக்குவாங்க. நான் பேசறதை நானே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருக்க முடியுமா?"