பீரங்கியும் ரப்பர் பேண்டும்

"ஏனுங்க, உங்க பீரங்கியக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க! எனக்குப் பொண்ணே தெரிய மாட்டேங்குது!"

செல்வப்பிரியா போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். கோவிந்தாபுரம் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு இரண்டு போட்டோகிராபர்கள். பெண் வீட்டு ஆள் இவள். மாப்பிள்ளை வீட்டார் கேரளத்துக் கொல்லங்கோட்டிலிருந்து கூட்டி வந்த ஆள் கோகுல்நாத். மேடையோ ஒன்றே ஒன்று.

"பீரங்கி இல்லீங்க, புது மாடலு!" கோகுல்நாத் பல்லைக் காட்டினான். "மாட்டுக்கொட்டாய் இருட்டுல எடுத்தாக்கூடப் பட்டப்பகலாத் தெரியும். அது போக, ஒரு மொகத்த இதுக்குள்ள ஏத்தி வச்சுட்டாப் போதும். எத்தன கூட்டத்துல நின்னாலும் அந்த மொகத்தையே தேடிப் புடிச்சுக்கும். நான் பட்டன அமுக்கறதோட சரி. அடிபொளிங்க!"

"அப்புறம் நீங்க எதுக்கு? கேமராவுக்கே பந்தியில எலை போட்டுரலாமே!"

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோகுல்நாத்தும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"உங்களுது என்ன மாடலுங்க? ரப்பர் பேண்டெல்லாம் போட்டிருக்குது?"

அவளுடையது பன்னிரண்டு வருடப் பழசு. அதுவும் யாரோ வைத்திருந்து விற்றது. பிடி கழன்று விழாமலிருக்கத்தான் ரப்பர் பேண்ட். தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் எப்போதோ செத்துப்போயிற்று. அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவாளா?

"எங்கேமரா தானா எதையும் தேடாது, தானா எதையும் புடிக்காது!" என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி. "ஆரப் பாக்கோணும்னு நான்தான் முடிவு பண்ணோணும். கையால திருகித் திருகி நான்தான் ஃபோகஸ் வைக்கோணும். இதுல இருக்கற ஒவ்வொரு படமும் நானா எடுத்ததுங்க!"

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளுக்குள் பயம். பெண்ணின் அம்மா கமலாத்தாள் காலையிலேயே சொல்லியிருந்தாள்: "ரெண்டு பேரு எடுத்ததையும் மத்தியானம் நம்மூட்டு டிவியில போட்டுப் பாக்கலாம். ஆருது நல்லாருக்குதோ, அவுங்களுக்குத்தான் தை மாசம் எங்க சின்னவ யோகப்பிரியா கல்யாண ஆர்டரு." செல்வப்பிரியாவின் அப்பா ஆறுச்சாமியும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: "இதும் கைவிட்டுப் போச்சுன்னா அந்த டப்பாவ வித்துப்போட்டுப் பொள்ளாச்சித் துணிக்கடை வேலைக்குப் போயிரு அம்மிணி."

இந்த லட்சணத்தில், எந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பினாலும் இந்தக் கோகுல்நாத்தான் வந்து நிற்கிறான்! ஏணி மேல் அவன். மேளக்காரர் பக்கத்தில் அவன். பந்தியில் பாயசத்தோடு அவன். நிச்சயதார்த்தத்தன்றும் இதே கதைதான். நல்லவேளையாக, தாலி கட்டும் நேரத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விட்டான்.

மத்தியானம் கமலாத்தாள் வீட்டில் சொந்தபந்தம் மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. முதலில் கோகுல்நாத்தின் கார்டைச் சொருகினார்கள்.

கலர் என்னவோ கண்ணைப் பறித்தது. ஆனால் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். தாலி இருக்கும் இடமே தெரியவில்லை.

"ஏந் தம்பி, எம்புள்ள மூஞ்சி எங்க?" என்று பதறினாள் கமலாத்தாள்.

"அம்மா, பின்னாடி பாரு!" யோகப்பிரியா துள்ளினாள். "நம்ம போட்டோ அக்கா!"

எல்லோரும் பார்த்தார்கள். மணமக்களுக்கு அந்தப் பக்கம், ஸ்டூல் மேல் ஏறி நிற்கும் செல்வப்பிரியா பளிச்சென்று தெரிந்தாள். அடுத்த படத்திலும் அவளேதான். அதற்கடுத்ததிலும் அவளேதான், நெற்றி வேர்வை வரைக்கும் துல்லியமாக.

"மெ... மெஷின் தப்புங்கம்மா," என்று குழறினான் கோகுல்நாத்.

"மொகத்த ஏத்தி வச்சாத்தான் புடிக்கும்னு நீங்கதானண்ணா சொன்னீங்க?" யோகப்பிரியா விடவில்லை.

"அது... நிச்சயத்தன்னிக்கு டெஸ்ட் பண்ண ஒரு மொகம் வேணுமில்லீங்க... மாத்த மறந்துட்டேன்."

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. வீடே விசிலும் கைதட்டலுமாக அதிர்ந்தது. செல்வப்பிரியாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், ஜெயித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் ஒரு பக்கம், தலைகால் புரியவில்லை.

அடுத்து அவள் கார்டு. தாலி கட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவு. மணப்பெண்ணின் கண்ணோரத்துத் துளி கூடத் தெரிந்தது. கமலாத்தாள் அங்கேயே எழுந்து நின்று அறிவித்தாள்: "தை மாசக் கல்யாணம் உனக்குத்தான் அம்மிணி!"

"சரிங்கம்மா! போதுங்க, மிச்சமெல்லாஞ் சும்மா எடுத்தது!" என்று செல்வப்பிரியா பாய்ந்து கார்டைப் பிடுங்கப் போனாள். அதற்குள் யோகப்பிரியா ரிமோட்டை அமுக்கிவிட்டாள்.

ஏணி மேல் கோகுல்நாத். மேளக்காரர் பக்கத்தில் கோகுல்நாத். மீசையில் பாயசத்தோடு கோகுல்நாத். இன்னும் அழிக்காமல் வைத்திருந்த நிச்சயதார்த்தத்துக் கோகுல்நாத். எல்லாவற்றிலும் இமை முடி எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

கமலாத்தாள் மெதுவாகத் திரும்பினாள். "ஏ அம்மிணி, உன்ற மெஷினும் தப்பாப் புடிச்சுப்போட்டுதா?"

ஆமாங்க என்று சொல்லத்தான் செல்வப்பிரியா வாயைத் திறந்தாள். யோகப்பிரியா முந்திக்கொண்டாள்.

"அதெப்படிம்மா? அக்கா கேமராதான் தானா எதையும் புடிக்காதே!"