ஏழு லிட்டர் டீசல்

"வரிசையில வா தம்பி! மூணு நாளா நாங்க என்ன இங்க பூப்பறிச்சுக்கிட்டா இருக்கோம்?"

டாக்ஸிக்காரர் நியிரெண்டா போட்ட சத்தத்தில், மஞ்சள் கேனோடு வந்தவன் இரண்டடி பின்வாங்கினான்.

"பங்க்ல கேக்கலைண்ணே. அதுதான் காலியாச்சே. உங்க யார் வண்டியிலயாவது அஞ்சு லிட்டர் டீசல் மிச்சம் இருந்தா குடுங்க. காசு குடுத்துடறேன்."

முசூசு நகரத்துப் பெட்ரோல் பங்க்கின் மொத்த வரிசையும் சிரித்தது.

மலாவிக்குக் கடல் கிடையாது என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி. அது ஆயுள் முழுக்க எழுத வேண்டிய பரீட்சை என்பது வளர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. டீசல் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, லாரி ஏறி, எல்லையில் தூங்கி எழுந்து, மலையேறி வர வேண்டும். டேங்கர் எல்லையைத் தாண்டிவிட்டது என்று ரேடியோ நேற்றுச் சொன்னது. முந்தாநாளும் அதையேதான் சொன்னது.

போன மாதம் டேங்கர் வந்தபோது கூட்டம் அதன் மேலேயே ஏறிவிட்டதால், இம்முறை இரண்டு போலீஸ்காரர்கள் காவலுக்கு வந்திருந்தார்கள். காலி பங்க்கை மிகவும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

வரிசை ஒரு சின்ன ஊராகவே மாறியிருந்தது. ஒருவர் முடி வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கார்களுக்கு நடுவே சோளக்களி கொதித்தது. நியிரெண்டா தன்னைத் தானே ஊர்த்தலைவராக நியமித்துக்கொண்டிருந்தார்.

"உன் வண்டி எங்கே?" என்றார் தலைவர்.

"மூணு கிலோமீட்டர்ல, தைலமரத் தோப்புக்குள்ள ஒதுக்கி விட்டிருக்கேன். வழியில பாலத்தை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. ஊரைச் சுத்தி வந்ததுல டீசல் தீர்ந்துபோச்சு."

"ஒதுக்கி விட்டியா, ஒளிச்சு வெச்சியா? திருட்டு வண்டியா?"

"இல்லைண்ணே."

"வண்டியில யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

நியிரெண்டா சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தம்பி, சாவு ஏதாவது...?"

வரிசையில் நாலைந்து தொப்பிகள் கழன்றன. சாவு என்றால் இல்லையென்று சொல்ல இந்த ஊரில் எவருக்கும் வாய் வராது. அவன் தலையை ஆட்டினால் போதும், கேன் நிறைந்துவிடும்.

"இல்லைண்ணே. யாரும் சாகலை."

தொப்பிகள் திரும்பத் தலைக்குப் போயின.

இதையெல்லாம் தன் மினி பஸ்ஸில் சாய்ந்தபடி தெம்வா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டேங்க்கில் ஏழு லிட்டர் இருந்தது. மூன்று நாட்களாக எஞ்சினைத் தொடாமல், வரிசை நகர்ந்தபோதெல்லாம் தோளால் தள்ளிக் காப்பாற்றிய ஏழு லிட்டர். ஜோஹன்னஸ்பர்க் போன அவள் கணவன் மூன்று வருடம் கழித்து இன்று ஐந்து மணி பஸ்ஸில் வருகிறான். அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டி இது. போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். 'நீதான் ஓட்டிட்டு வரணும். நான் முன் சீட்டுல ஜம்முனு உக்காந்து வருவேன்' என்று போனில் நூறு தடவை சொல்லிவிட்டான்.

மஞ்சள் கேன் அவளைத் தாண்டிப் போனது. கூப்பிட்டாள்.

"தம்பி, தலையை ஆட்டியிருந்தா இந்நேரம் குழாயோட ஓடி வந்திருப்பாங்க. ஏன் ஆட்டலை?"

"எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா. அஞ்சு லிட்டருக்காக யாரைக் கொல்றது?"

தெம்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு இல்லையென்று சொல்வது கஷ்டம். அது அவளுடைய பழைய வியாதி.

குழாயை விட்டு உறிஞ்சினாள். ஒரு வாய் டீசலைத் துப்பினாள்.

"அஞ்சு போதும்கா."

"மிச்சம் ரெண்டு என் எஞ்சினுக்கு எட்டவே எட்டாது, அதை வெச்சு நான் என்ன தாளிக்கவா? எடுத்துட்டுப் போ. காசு வேண்டாம். எங்க வீட்டுக்காரர் அஞ்சு மணி பஸ்ல வராரு. மூணு வருஷம் பொறுத்தவர், முன் சீட்டுக்கு இன்னும் ரெண்டு நாள் பொறுக்க மாட்டாரா?"

அவன் நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அஞ்சு மணியாக்கா?" என்றான். கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினான்.

"ஓட்டத்தைப் பாரு! நேரா சந்தையில வித்துடுவான்," என்றார் நியிரெண்டா. "உன்னை மாதிரி ஆளுங்க இருக்கிறவரைக்கும் இந்த நாடு உருப்படாது தெம்வா. அந்த டேங்கர் டிரைவரைச் சொல்லணும். எந்தச் சாராயக் கடையில மல்லாந்து கிடக்கிறானோ! வரட்டும், சட்டையைப் பிடிக்கிறேன்."

நான்கு மணிக்கு தெம்வா முகம் கழுவினாள். நடப்பதற்குத் தோதாகச் செருப்பை மாற்றினாள். முன் சீட்டுக்காக வாங்கி வைத்திருந்த புதுத் துணி உறையை ஒரு தடவை தடவிவிட்டு, கதவைப் பூட்டினாள்.

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. வரிசை முழுக்க எழுந்து கூத்தாடியது. தாமதமாக வந்தாலும் ஆடியாடி மகாராஜா மாதிரி உள்ளே நுழைந்தது டேங்கர். போலீஸ்காரர்கள் விசிலைத் தேடினார்கள். சட்டையைப் பிடிக்க முதல் ஆளாக ஓடிய நியிரெண்டா, டிரைவர் கதவருகே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

ஜன்னல் வழியாக முதலில் ஒரு மஞ்சள் கேன்தான் வெளியே வந்தது.

"சொல்லியிருந்தா இத்தனை பேரும் கேனோட தோப்புக்கு ஓடியிருப்பீங்க, அதான் சொல்லலைக்கா," என்றபடி குதித்து இறங்கினான் அவன். "முதல்ல உங்க வண்டியைக் கொண்டு வாங்க. பின்னாடி நாப்பதாயிரம் லிட்டர் சுங்கத்துச் சீலோட பத்திரமா இருக்கு, முன்னாடி என் டேங்க்குலதான் ஒரு சொட்டு இல்லாமப் போச்சு!"