காபி முடியும்வரை

"உட்காரு, ஹென்ரிக். இப்பத்தான் போர்வையைச் சரிபண்ணிட்டு வந்தே."

மெட்டே தன் கணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அமர்ந்தான். கண் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

வெளியே, காபிக் கடைச் சுவரோரம் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. பிப்ரவரிக் குளிரில் குழந்தைகள் அவற்றில் தூங்க, பெற்றோர் உள்ளே இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். டென்மார்க்கின் ஆல்போர்க் நகரத்தில் இது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. மகள் ஈதா பிறந்ததிலிருந்து இவர்களுக்கு மட்டும் அப்படி விட முடியவில்லை.

மருத்துவர் சொன்ன பயிற்சி சின்னதுதான். குழந்தையை வெளியே தூங்கவிட்டு, ஒரு கோப்பை காபியை உட்கார்ந்து குடித்து முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து ஓடக் கூடாது. முடிந்தால், மாத்திரை பலன் தர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முடியாவிட்டால் வேறு மருந்து. மறுபடி முதலிலிருந்து அந்தத் தூங்காத இரவுகள்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி வண்டிகளருகே குனிந்தாள். ஹென்ரிக் ஜன்னல் பக்கம் சாய்ந்தான்.

"யாரு அவ? நம்ம வண்டியைத்தான் பாக்கறா."

"அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும்," என்றாள் மெட்டே, திரும்பாமலே.

தொப்பிக்காரி பக்கத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் போனதும், தெரு துறைமுகத்தை நோக்கிச் சரிவது ஹென்ரிக்கின் கண்ணில் பட்டது. சரிவின் முடிவில் கறுப்பாகத் தண்ணீர்.

"பிரேக் போட்டேனா?"

"போட்டே. ரெண்டு தரம் உதைச்சும் பாத்தே. சக்கரம்தான் பாவம்."

கடற்காகம் ஒன்று வந்து ஈதாவின் வண்டிக் கூரைமேல் உட்கார்ந்தது. அது பறந்து போகும்வரை அவன் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாத்திரை வேலை செய்யலைன்னா என்ன பண்றது, மெட்டே?"

அவள் அவன் தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வெளியே ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஹென்ரிக் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். சிணுங்கல் அடங்கிவிட்டது. அவன் நாற்காலியை நிமிர்த்தினான், ஆனால் உட்காரவில்லை.

மெட்டே தன் கோப்பையைச் சாய்த்து அவனுக்குக் காட்டினாள். அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. அவன் கோப்பை நிறைந்தபடியே ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: இவ்வளவு நேரமும் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"ராத்திரி பூரா, 'மூச்சு விடறாளா, போய்ப் பாரு, போய்ப் பாரு'ன்னு உன்னை எழுப்பி எழுப்பி, என் வியாதி உனக்குப் பழகிடுச்சு. நான் தேறிட்டேன், ஹென்ரிக். இனிமே நீ உட்காரலாம்."