அமெரிக்கா தாங்கும்

“தாயே, அந்தப் புள்ளைய எப்படியாவது அமெரிக்காவுக்கு அனுப்பி வெச்சிடு!”

சாந்தோம் கோயிலில் மாதா சொரூபத்தின் முன் முழங்காலிட்டு, முழங்கை நீள மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றினார் மிக்கேல். பக்கத்தில் நின்ற மனைவி வசந்திக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“நம்ம புள்ள பிளஸ் டூ எழுதனப்போ ஒரு தீக்குச்சி கூட நீ கொளுத்தல. சஃப்வானுக்கு இம்மாம் பெரிய மெழுகுவர்த்தியா?”

“நம்மள வுட்டா அவனுக்கு ஆரு கீறா?” என்றார் மிக்கேல்.

சஃப்வான் சுமோ வீரன். பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் வட்டம் போட்டுப் பயிற்சி செய்பவன். எடை நூற்றறுபது கிலோ. தேசியப் போட்டியில் பதக்கம்கூட வாங்கிவிட்டான், ஆனால் சுமோவை நம்பி இந்த ஊரில் யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? நிலையான வருமானம் இருந்தால்தான் பெண் என்று அவன் காதலிக்கும் நாஸியாவின் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆளோடு ஆள் மோதி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பையன் தாவத் தயாராகிவிட்டான்.

அவனைவிட மிக்கேல்தான் அதிகம் தயாராக இருந்தார். மந்தைவெளியில் அவருக்கு ஒரு மெஸ். மீன் குழம்போடு அன்லிமிடெட் சாப்பாடு, ஒரே விலை. சஃப்வான் தினமும் மதியம் வந்து கை கழுவும் சத்தம் கேட்டாலே உள்ளே அடுத்த உலையை ஏற்றிவிடுவார்கள். போதும் எழுந்திரு என்று சொல்லவும் மிக்கேலுக்கு மனசு வராது, அவ்வளவு பிரியமான பையன். ஆனால் இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“அங்க போனா அவனுக்கு ஆரு சோறு போடுவா? பாவம்யா” என்றாள் வசந்தி.

“பெரிய நாடு வசந்தி. தாங்கும்.”

ஆள் எடுக்கும் நாளன்று நந்தனம் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. கோச் கதிரேசன், மார்பில் கலங்கரை விளக்கம் படம் போட்ட பனியனோடு நின்றிருந்தார். அமெரிக்காவில் படிக்கும்போது இந்த ஆட்டம் ஆடியவராம். சஃப்வானை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“முதல் மோதல்ல இவரை யாரும் அசைக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா சுமோல கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். இங்க விழுந்து எழுந்து மூச்சு விடறதுக்குள்ள மறுபடி மோதணும். தாங்குவாரா?”

“ரவுண்டு ரவுண்டா தாங்குவான் சார்!” என்று முந்திக்கொண்டார் மிக்கேல். “நானே என் கையால பரிமாறி... பார்த்துகீறேன்!”

விசில் ஒலித்தது. மூன்று தடியர்கள் ஓடி வந்து மோதினார்கள். சஃப்வான் அசையவில்லை. மோதியவர்கள்தான் தோளைத் தடவிக்கொண்டார்கள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அவன் கால் தடுமாறியது. நான்காவது முறை மூச்சிரைத்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

கோச் உதட்டைப் பிதுக்கினார். “கடைசியா ஒரு சான்ஸ்.”

மிக்கேல் கோட்டோரம் ஓடினார். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரத்தைத் தொண்டை கிழியக் கத்தினார்.

“நைனா! வஞ்சிரம் வறுவல் தீரப் போவுதுடா!”

சஃப்வான் நிமிர்ந்தான். அடுத்த கணம் மூன்று தடியர்களும் புல்தரையில் கிடந்தார்கள். நான்காவதாக விழுந்தது, ஓரமாக நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தவர்.

கோச் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “எடுத்தாச்சு!”

சஃப்வான் குலுங்கிக் குலுங்கி அழுதான். உடனே போனை எடுத்து நாஸியாவிடம் சொன்னான். பிறகு ஓடி வந்து மிக்கேலை அப்படியே தூக்கினான். காற்றில் கால்கள் ஆட, மிக்கேலுக்கும் கண் கலங்கியது. இனிமேல் மெஸ்ஸில் அவன் உட்காரும் மூலை பெஞ்ச் காலியாக இருக்குமே என்று முதல்முறையாக நெஞ்சில் ஏதோ கனத்தது. போகிற பிள்ளைக்கு ஒரு வாரம் கணக்குப் பார்க்காமல் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

“எப்போ நைனா பிளேன்?”

“பிளேனா? எதுக்கு மாமா?”

“அமெரிக்காவுக்குடா!”

“ஆட்டம்தான் மாமா அமெரிக்காவுது. டீமு நம்ம சென்னை டீமு. திங்கக்கெழமையிலேர்ந்து இங்கயே கேம்ப்பு. வருசம் முழுக்க சம்பளம்!”

மிக்கேலை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டான். அவருக்குத் தரை சரியாகத் தட்டுப்படவில்லை.

“எல்லாரும் மதியம் எங்க சாப்புடறதுன்னு கோச் கேட்டாரு. ஒனக்கு இவ்ளோகூட செய்யலன்னா நான் மனுசனா மாமா? நம்ம மெஸ்ஸத்தான் சொல்லிகீறேன்.”

“எல்லாருமா?” மிக்கேலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நாப்பது பேரு மாமா. அதுல நான்தான் கொஞ்சமா துன்றவன்.”