எந்தத் தெரு?

விஷம் குடித்துச் செத்துக் கிடந்த முகேஷ், ஒற்றைக் கண்ணைத் திறந்து கிசுகிசுத்தான். "அழு புள்ள, கூட்டம் பாக்குது."

திவ்யாவுக்கு அழுகை வரவில்லை. மூன்றாவது வரிசையில் அண்ணன் ஜெயபாண்டி உட்கார்ந்திருந்தான்.

எம்.ஏ. கடைசி வருஷத்துப் பிள்ளைகள் போடும் இங்கிலீஷ் நாடகம். பகையாளி வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் களவாகக் கல்யாணம் முடித்து, கடைசியில் செத்துப்போவார்கள். காலேஜ் வாசலையே மிதிக்காத அண்ணனுக்கு இங்கே என்ன வேலை?

"எங்கண்ணன் வந்திருக்கு" என்றாள், உதடு அசையாமல்.

பிணத்துக்கு வியர்த்தது. புரொபசர் குரலில் பேசி மேடையிலும் அவளைச் சிரிக்க வைக்கிறவன், அப்புறம் மூச்சுக்கூட விடவில்லை.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அவன் நெஞ்சில் விழுந்து அழுத அழுகைக்கு ஹாலே கை தட்டியது. அண்ணன் மட்டும் தட்டவில்லை. எழுந்து நேராக மேக்கப் ரூமுக்கு வந்துவிட்டான்.

"வாண்ணே... நாடகம் எப்படி?"

"இங்கிலீசு ஒரு எழவும் புரியலை. நீ அழுதது புரிஞ்சுச்சு."

பூப்போட்ட டவுசரும் அட்டைக் கத்தியுமாக நின்ற முகேஷைப் பார்த்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மேலூர்ப் பக்கம்ணே."

"அங்க எந்தத் தெரு?"

திவ்யாவுக்குப் புரிந்துவிட்டது. தெருவைக் கேட்டால் அந்தப் பக்கத்தில் சாதியைக் கேட்பதாக அர்த்தம்.

"பஜார் தெருண்ணே. நம்ம ஆளுகதான்" என்று முந்திக்கொண்டாள்.

"உன்னையக் கேக்கலை."

"இல்லண்ணே, அது பொய்." முகேஷின் சொந்தக் குரல் கரகரத்தது. "காலனித் தெரு."

ஜெயபாண்டி கதவை உள்பக்கம் தாழ் போட்டான்.

அவள் சட்டென்று அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டாள். "அவனை ஒண்ணும் செஞ்சிராதண்ணே! நான் இப்பவே வீட்டுக்கு வாரேன். நீ சொல்ற இடத்துல கழுத்தை நீட்டுறேன்!"

"கத்தாத கழுதை! முன்வாசல்ல பெரியப்பா ஆளுக நிக்கிறாங்ய. உங்க ஒத்திகை போட்டோ ஊரு பூரா போன்ல சுத்திக்கிட்டு இருக்கு."

அண்ணன் முகேஷைக் கை காட்டினான்.

"இவன் மட்டும் உயிருக்குப் பயந்து உன் பொய்க்கு ஆமான்னு தலையாட்டியிருந்தா, உன்னைய மட்டும் இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

ஜெயபாண்டி பின்கதவைத் திறந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"அந்த நாடகத்துல அம்புட்டுப் பேரு வந்தாங்ய. அந்தப் புள்ளைக்குக் கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் வரலையே... விளாங்குடில என் கூட்டாளி வீடு இருக்கு. வெரசா கார்ல ஏறு, மாப்ள!"