தலைமாட்டுப் பலகை

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் கிஷோர் செய்த முதல் காரியம், ரம்பத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்ததுதான். பிறகு கையிலும் மீசையிலும் ஒட்டியிருந்த தூளைக் கழுவினான். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தான்.

வாசலில் மாமனார் பாலசுப்ரமணியன். திருப்பத்தூரில் விடியற்காலை பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் பொம்மனஹள்ளி வந்து நிற்கிறார்.

“வாங்க மாமா. ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கே வந்திருப்பேனே. வைஷ்ணவி, பாப்பா எல்லாம்…”

“நல்லா இருக்காங்க மாப்ள. அடுத்த வாரம் கூட்டிட்டு வந்துடறோம்.” நாற்காலியில் உட்கார்ந்தவரின் பார்வை படுக்கையறைப் பக்கமே போனது. “கட்டில் எப்படி இருக்குது?”

வந்ததும் வராததுமாகக் கட்டிலை விசாரிக்கிறாரே.

அது சீராக வந்த கட்டில். கல்யாண மண்டபத்தில் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வந்தவர் போனவர் எல்லாரையும் தட்டிப் பார்க்கச் சொன்னார் மாமனார். ‘கால்லேர்ந்து தலைமாடு வரைக்கும் அசல் நிலம்பூர் தேக்கு’ என்று மைக்கில் அறிவிக்காததுதான் பாக்கி.

கிஷோருக்கோ காலேஜ் நாளிலிருந்து எலக்ட்ரிக் கிடார் பைத்தியம். உடைந்த கிடார் ஒன்றின் கழுத்தும் கம்பிகளும் ஒயர்களும் கிடைத்ததும், பாடியை வீட்டிலேயே செய்துவிடுவது என்று இறங்கிவிட்டான். பிரவுசிங் சென்டரில் பிளானைப் பிரின்ட் எடுத்து, தாள்களை ஒட்டி, சார்ட்டில் முழு அளவுக்கு வரைந்தும் ஆயிற்று.

பிளானில் கேட்ட பலகையின் கனம் ஒன்றே முக்கால் அங்குலம். வைஷ்ணவி பிரசவத்துக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் டேப்பை வைத்துப் பார்த்தான். ஒன்றே முக்கால் அங்குலம்.

அளந்து பார்த்தவன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். பாதிப் பலகையை அறுத்தே எடுத்துவிட்டான். உள்ளே மரம் கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருந்தது, பாலிஷில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டான்.

பெண் குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தபோது, கிடாரின் கழுத்து உட்காரும் பள்ளத்தை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தான். அங்கே அவள் வலியில் துடித்த நேரத்தில் இங்கே அவள் கட்டிலை வெட்டிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் வருவதற்குள் வேறு பலகை போட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மறுபடியும் உளியை எடுத்தான்.

“டெம்போ ஒண்ணு சொல்லியிருக்கேன் மாப்ள, பதினோரு மணிக்கு வந்துடுவான்” என்றார் மாமனார். கொடுத்த காபியை இன்னும் தொடவில்லை. “ஓசூர்ல தெரிஞ்ச கடை இருக்குது. கட்டில எடுத்துட்டுப் போயி, நாலே நாள்ல பாலிஷ் போட்டுக் கொண்டாந்துடறேன். பச்சக் குழந்த படுக்கப்போற எடமாச்சே.”

“உங்களுக்கு எதுக்கு மாமா அலைச்சல்? இங்கயே ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பாத்துக்கறேன்.”

“ஆளு கீளெல்லாம் வேணாம்” என்றார் வெடுக்கென்று. “அதுல வேற யாரும் கை வைக்க வேணாம்.”

கிஷோர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே முக்கால். வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“இன்னிக்கு வேணாம் மாமா. உள்ள பூச்சி மருந்து அடிச்சு வச்சிருக்கேன்.”

“பூச்சியா? கட்டில்லயா?” மாமனார் முகம் கறுத்துவிட்டது. எழுந்து நேரே படுக்கையறைக்குள் போனார்.

ஓடிப்போய்க் குறுக்கே நின்றான் கிஷோர். இதற்கு மேல் பொய் சொல்ல அவனுக்கே கூசியது. “மாமா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று, தலைமாட்டை மூடியிருந்த போர்வையை இழுத்தான்.

பலகையில் இடது பாதிதான் இருந்தது. வலது பாதி, கிடாருக்கான இடுப்பு வளைவும் இரண்டு கொம்புமாக, கட்டிலுக்கு அடியில் பழைய பேப்பரில் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துக் கூனிக் குறுகி மாமனார் கையில் கொடுத்தான்.

“கிடார் செய்யணும்னு ஒரு ஆசையில அறுத்துட்டேன் மாமா. பொண்ணுக்குன்னு நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தது. திட்டுங்க, ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. வைஷ்ணவி முன்னாடி மட்டும் கேட்டுடாதீங்க.”

மாமனார் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுத்த ஓரத்தை விரலால் தடவினார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

கீழே தெருவில் டெம்போ ஹாரன் அடித்தது. அவர் நிமிரவே இல்லை.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கிஷோருக்கு. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் கைசுத்தமாக வேலை பார்த்த மனிதர், மகளுக்கென்று கொடுத்த ஒரே பெரிய பொருள். அதில் போய் ரம்பத்தை வைத்தோமே என்று கண் கலங்கிவிட்டது.

கடைசியில் அவர் வாயைத் திறந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மருமகன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“இது தேக்கு இல்லன்னு வைஷ்ணவிகிட்ட சொல்லிட்டீங்களா மாப்ள?”